தண்டனை எப்போது முடிகிறது?

கொடைரோடு ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவரின் நினைவு வரும். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையில், அம்மையநாயக்கனூரில் அமைந்துள்ள சிறிய நிலையம் அது. திருச்சிராப்பள்ளியையும் மதுரையையும் இணைக்கும் இருப்புப்பாதை 1875-இல் இவ்வழியே திறக்கப்பட்டது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1884 அக்டோபர் 4 அன்று, அருகிலுள்ள வத்தலகுண்டில் சுப்பிரமணிய சிவா பிறந்தார். தாம் பிறப்பதற்கு முன்பே தம் மண்ணுக்கு வந்துவிட்ட ரயிலில் ஏறும் உரிமை இல்லாதவராகவே அவருடைய கடைசிக் காலம் கழிந்தது.

அவருக்குத் தண்டனை விதித்த எந்த நீதிபதியும் ரயிலில் ஏறக் கூடாது என்று தீர்ப்பில் எழுதவில்லை. நீதிமன்றம் விதித்தது சிறைத் தண்டனை மட்டுமே. அதை அவர் அனுபவித்து முடித்தார். ஆனாலும் தண்டனை அவரை விட்டு நீங்கவில்லை. ஒரு மனிதனின் தண்டனை உண்மையில் எப்போது முடிகிறது என்ற கேள்விக்கு, சட்ட நூல்களைக் காட்டிலும் இந்த மண்ணின் மைந்தருடைய வாழ்க்கை தெளிவாக விடை சொல்கிறது என்று நான் கருதுகிறேன்.

இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள வத்தலகுண்டு அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. திண்டுக்கல்லைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் உருவானது 1985-இல்தான். தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றான கமலாம்பாள் சரித்திரத்தை எழுதிய பி.ஆர். ராஜம் ஐயரும், மணிக்கொடி எழுத்தாளர் பி.எஸ். ராமையாவும் இவ்வூர்க்காரர்களே. சிவாவின் தந்தையின் பெயரும் ராஜம் ஐயர்தான். ஆனால் அவர் வேறொருவர். தாயார் நாகம்மாள். வறுமை மிகுந்த குடும்பம். மதுரையில் தொடக்கக் கல்வி பயின்ற சிறுவன், பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பத்தோடு திருவனந்தபுரம் போனான். அங்கே இலவச உணவு வழங்கும் ஊட்டுப்புரையில் சாப்பிட்டுக்கொண்டே படித்தான். பின்னர் கோயம்புத்தூரில் சில காலம் படித்தும் கல்வி முழுமை பெறவில்லை.

சிவகாசியில் காவல்துறை அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்தது. அதில் அவர் ஒருநாளைக்கு மேல் நீடிக்கவில்லை என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பின்னாளில் காவல்துறையின் கண்காணிப்பிலேயே வாழ நேர்ந்தவர், ஒருநாள் அதன் சம்பளப் பட்டியலிலும் இருந்திருக்கிறார். 1906-இல் திருவனந்தபுரத்தில் கேட்ட ஒரு சொற்பொழிவு அவருடைய திசையை மாற்றியது. தர்ம பரிபாலன சமாஜம் என்ற அமைப்பைத் தொடங்கி இளைஞர்களிடையே தேசபக்தியைப் பரப்பினார். திருவிதாங்கூர் சமஸ்தானம் அவரைத் தன் எல்லையைவிட்டு வெளியேற்றியது. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. அவர் பெற்ற முதல் தண்டனை இதுதான்.

1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தூத்துக்குடியை அடைந்தார். அங்கே வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தார். இருவரும் கடற்கரையில் நாள்தோறும் பேசினர். கேட்கத் திரண்டவர்களில் பெரும்பாலோர் ஹார்வி நிறுவனத்தின் கோரல் மில் தொழிலாளர்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 27-இல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஊதிய உயர்வு, வேலை நேரக் குறைப்பு, வார விடுமுறை ஆகியவையே கோரிக்கைகள்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் அந்த ஒன்பது நாள்களை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். தொழிற்சங்கச் சட்டம் இந்தியாவுக்கு வந்தது 1926-இல். அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே, சங்கமோ சேமநிதியோ இல்லாத ஆலைத் தொழிலாளர்கள் ஓர் ஐரோப்பிய நிறுவனத்தைப் பேச்சுவார்த்தைக்கு இணங்க வைத்தனர். ஊர் மக்கள் நிதி திரட்டிக் கொடுத்தனர். தொழிலாளர்களை எதிர்த்துப் பேசிய வழக்குரைஞர் ஒருவருக்குப் பாதி முகச்சவரத்தோடு வேலையை நிறுத்திவிட்டுச் சவரத் தொழிலாளி எழுந்து போனது தூத்துக்குடியில் இன்றும் சொல்லப்படும் செய்தி. கோரிக்கைகள் ஏற்கப்பட்டு, மார்ச் முதல் வாரத்தின் இறுதியில் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினர். ஆட்சியாளர்களை அச்சுறுத்தியது சிவாவின் பேச்சைவிட அந்தப் பேச்சு ஈட்டிய வெற்றிதான் என்பது என் கருத்து.

அடுத்த சில நாள்களில், மார்ச் 12 அன்று, வ.உ.சி.யும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7 அன்று திருநெல்வேலி அமர்வு நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிவாவுக்குப் பத்தாண்டு நாடு கடத்தல் தண்டனை. வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள். ராஜத்துரோகமாகப் பேசியதற்கு ஒன்று. சிவாவின் ராஜத்துரோகத்துக்கு உடந்தையாக இருந்ததற்கு மற்றொன்று. ஆயுள் என்பது இருபதாண்டுகள் என்று கணக்கிட்டால் மொத்தம் நாற்பதாண்டுகள்.

இந்தக் கணக்கைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரே இயக்கம், ஒரே கடற்கரை, ஒரே கூட்டங்கள். அவற்றில் வ.உ.சி. தாம் பேசியது ஒரு குற்றமாயிற்று. அதே கூட்டங்களில் நண்பரைப் பேசவைத்ததும் அவருக்கு இடமளித்ததும் மற்றொரு குற்றமாயிற்று. சட்டத்தின் பார்வையில் இவை இரண்டு குற்றங்கள். பாமரனின் பார்வையில் ஒரே செயலுக்கு இரண்டு தண்டனைகள். இந்தியாவுக்கான அமைச்சராக லண்டனில் இருந்த மார்லி பிரபுவே, திருநெல்வேலித் தண்டனைகளின் கடுமை கண்டு திகைத்து, வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதினார். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் தண்டனைகளைக் குறைத்தது. சிவாவுக்கு அது ஆறாண்டுகளாயிற்று.

திருச்சிராப்பள்ளி, சேலம் சிறைகளில் அவர் அடைக்கப்பட்டார். அன்றைய சிறை விதிகளில் அரசியல் கைதி என்றொரு வகை கிடையாது. கல் உடைத்தார். ஆட்டு மயிரைச் சுண்ணாம்பு கலந்து சுத்தம் செய்யும் வேலை தரப்பட்டது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிலைப் பார்த்து வளர்ந்த எனக்குச் சுண்ணாம்பும் மயிரும் ஒரு தொழிலாளியின் கைகளை என்ன செய்யும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. சிறையில்தான் சிவாவைத் தொழுநோய் பற்றியது.

அந்த வேலையால்தான் நோய் வந்தது என்று பலரும் எழுதியுள்ளனர். தொழுநோய்க்குக் காரணம் ஒருவகைக் கிருமி என்பதை 1873-லேயே நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்துவிட்டார். மயிரோ சுண்ணாம்போ அந்நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் நெரிசலான அறையும், குறைந்த உணவும், புண்ணான தோலும், கவனிக்கப்படாத உடலும் எந்த நோய்க்கும் கதவைத் திறந்துவிடும். அரசின் பொறுப்பில் இருந்த ஓர் உடலுக்கு நேர்ந்த கேட்டுக்கு அரசே பொறுப்பு என்பதில் மருத்துவத்துக்கும் நீதிக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

1912 நவம்பரில் சேலம் சிறையிலிருந்து அவர் விடுதலையானார். உள்ளே போனபோது வயது இருபத்து மூன்று. வெளியே வந்தபோது இருபத்தெட்டு. கடன் முழுவதும் அடைக்கப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டே சென்னையில் ஞானபாநு என்ற மாத இதழைத் தொடங்கினார். புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் அதில் எழுதினார். வ.உ.சி.யும் எழுதினார். 1915-இல் மனைவி மீனாட்சி அம்மாள் காலமானார். ஞானபாநு நின்ற பிறகு வேறு இதழ்கள் தொடங்கினார்; அவையும் நின்றன. இதற்கிடையில் நோய் உடலில் வெளிப்படத் தொடங்கியது.

அவருடைய இரண்டாவது தண்டனை இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1890-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், தொற்றுநோய் உள்ளவரை ஏற்றிச் செல்ல மறுக்க இடமளித்தது. 1898-இல் தொழுநோயாளர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. ஆதரவற்ற நோயாளிகளைக் காப்பகத்தில் அடைக்கவும், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் அவர்கள் சில தொழில்கள் செய்வதைத் தடுக்கவும் அது வகை செய்தது. இவை சிவாவைக் குறிவைத்து இயற்றப்பட்டவை அல்ல. ஆனால் விளைவைப் பாருங்கள். சிறை தந்த நோயைக் காரணம் காட்டி, சிறைக்கு வெளியேயும் அவருடைய நடமாட்டம் தடுக்கப்பட்டது. குற்றம் சாட்டியவர் யாருமில்லை. வாதாட வாய்ப்பில்லை. மேல்முறையீடு இல்லை. விடுதலை நாள் என்று ஒன்று குறிக்கப்படவும் இல்லை.

அவர் ஓய்ந்துவிடவில்லை. கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசினார். புண்களைத் துணியால் சுற்றிக்கொண்டு மேடையேறினார். சென்னையில் டிராம் தொழிலாளர்களின் போராட்டத்துக்குத் துணை நின்றார். துறவு பூண்டு சுதந்திரானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது, 1921-இன் இறுதியில், மீண்டும் ராஜத்துரோக வழக்கு. இரண்டரை ஆண்டுச் சிறை. முழுக் காலமும் முடியுமுன்பே அடுத்த ஆண்டு அவர் வெளியே வந்தபோது உடல் முற்றிலும் நலிந்திருந்தது.

தருமபுரிக்கு அருகே பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்தார். அங்கே பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப விரும்பினார். 1923 ஜூனில் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். தேசத்தையும் சமயத்தையும் ஒன்றாகக் கலந்து பார்த்த அவருடைய பார்வை எனக்கு முழுதும் உடன்பாடானதன்று. ஆனால் தம் உடலைத் தூக்கி நடப்பதே பெரும்பாடாக இருந்த ஒருவர், கோயில் நிதிக்காக ஊர்களைச் சுற்றினார் என்பதை எண்ணும்போது கருத்து வேறுபாடு பின்னுக்குச் சென்றுவிடுகிறது.

1925-இல் அவர் மதுரையில் இருந்தபோது நோய் முற்றியது. பாப்பாரப்பட்டிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். ரயிலில் இடமில்லை. பேருந்திலும் ஏற்ற மறுத்தனர். ரயிலில் ஒரே நாளில் கடந்திருக்கக்கூடிய தொலைவை வண்டியிலும் நடையிலுமாக நாள்கணக்கில் கடந்து ஜூலையில் பாப்பாரப்பட்டியை அடைந்தார். ஜூலை 23 அன்று உயிர் பிரிந்தது. நாற்பத்தொரு வயது நிறையவில்லை.

சட்டக் கண்ணோட்டத்தில் இதை ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிப்பதாகக் கூற முடியுமா? முடியாது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 1921-இல் தொடுக்கப்பட்டது புதிய பேச்சுக்கான புதிய வழக்கு. ரயில் தடை சுகாதார நடவடிக்கை. வ.உ.சி.யின் வழக்குரைஞர் உரிமம் பறிபோனதும், பல ஆண்டுகள் கழித்தே அது திரும்பக் கிடைத்ததும் தொழில் ஒழுங்கு சார்ந்த நடவடிக்கை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிக் கோப்பு. ஒருமுறை தண்டிக்கப்பட்டவரையோ விடுவிக்கப்பட்டவரையோ அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரிக்கக் கூடாது என்ற விதி, 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவில் அன்றே இருந்தது. அந்த விதி மீறப்படாமலேயே ஒரு வாழ்க்கை அழிக்கப்பட்டது.

சுதந்திர இந்தியா அந்த விதியை அடிப்படை உரிமையாக உயர்த்தியது. அரசமைப்புச் சட்டத்தின் 20(2) பிரிவு, ஒரே குற்றத்துக்காக எவரையும் ஒருமுறைக்கு மேல் வழக்குக்கு உட்படுத்தித் தண்டிப்பதைத் தடை செய்கிறது. இப்போது நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 337-ஆம் பிரிவும் அதையே பேசுகிறது. ஆனால் இந்தக் காப்பின் எல்லை குறுகியது. 1953-இல் மக்பூல் உசேன் வழக்கில், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தங்கத்தைச் சுங்கத் துறை பறிமுதல் செய்த பிறகு, அதே செயலுக்காகக் குற்றவியல் வழக்கும் தொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சுங்க அதிகாரி நீதிமன்றம் அல்லர். ஆகவே அது முதல் தண்டனையாகக் கருதப்படாது என்பது காரணம். மறுஆண்டு வெங்கட்ராமன் வழக்கில், துறை விசாரணையில் பணிநீக்கம் செய்யப்பட்ட அரசு அதிகாரிமீது அதே குற்றச்சாட்டுக்காகக் குற்றவியல் வழக்கு நடத்தவும் தடையில்லை என்றது.

இவற்றில் தர்க்கம் இல்லாமல் இல்லை. லஞ்சம் வாங்கியவர் வேலையை மட்டும் இழந்து தப்பித்துவிடக் கூடாது. இங்கிலாந்திலும், கொலை போன்ற கொடுங்குற்றங்களில் புதிய வலுவான சான்று கிடைத்தால் விடுவிக்கப்பட்டவரை மீண்டும் விசாரிக்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. இன வெறியால் கொல்லப்பட்ட இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் குடும்பத்துக்கு அப்படித்தான் பிந்திய நீதி கிடைத்தது. கொள்கை என்பது கல்லில் செதுக்கியதன்று.

என் கவலை வேறிடத்தில் உள்ளது. விசாரணையே இல்லாத தண்டனைகள் இந்தக் கொள்கையின் வேலிக்கு வெளியே நிற்கின்றன. 1950-இல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாணச் சிறையில் இருந்தபோதே தடுப்புக்காவல் ஆணை ஒன்று அவரிடம் தரப்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அந்தக் காவலை ஏற்றனர். தமிழ்நாட்டில் 1982 முதல் நடைமுறையில் உள்ள, மக்கள் குண்டர் சட்டம் என்றழைக்கும் தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ், பிணை கிடைக்கும் தறுவாயில் உள்ளவர்மீது ஆணை பிறப்பிப்பது புதிதன்று. சாதாரணச் சட்டம் போதுமான இடத்தில் தடுப்புக்காவலைப் பயன்படுத்தக் கூடாது என்று 2011-இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கே.

இது பெருந்தலைவர்களின் சிக்கல் மட்டுமன்று. என்னிடம் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர், தம் கிராமத்துக்குக் குடிநீர் கேட்டு நடந்த சாலை மறியலில் கலந்துகொண்டார். நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சில நூறு ரூபாய் அபராதம் கட்டினார். ஆண்டுகள் பல கழித்து அரசுப் பணிக்குத் தேர்வானபோது, காவல்துறைச் சரிபார்ப்பில் அந்தப் பழைய வழக்கு எழுந்து நின்றது. நியமன ஆணை வரவில்லை. அபராதம் கட்டிய ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அதை என்னிடம் நீட்டி, நான்தான் கட்டிவிட்டேனே ஐயா என்றார். இளவயதில் செய்த அற்பமான குற்றத்தைப் பொருட்படுத்தாமல் விட அதிகாரிகளுக்கு இடமுண்டு என்று 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியதை அவரிடம் சொன்னேன். இடமுண்டு என்பதற்கும் உரிமை உண்டு என்பதற்கும் உள்ள தொலைவை அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

எங்கள் சமவெளிப் பகுதியில் வெங்காய வியாபாரியும் பூ வியாபாரியும் புரோநோட்டு எழுதிக் கடன் வாங்குவது வழக்கம். கடன் தீர்ந்ததும் கொடுத்தவர் அந்த நோட்டை வாங்கியவர் கண்ணெதிரே கிழித்துப் போட வேண்டும். கிழிக்காமல் பெட்டியில் வைத்துக்கொள்பவரை ஊர் நம்பாது. பொருளாதாரம் இதைப் பல சமன்பாடுகளில் விளக்கும். கிராமத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கடன் எங்கே முடிகிறது என்பது தெரிந்தால்தான் மனிதன் அடைக்க முயல்வான். தண்டனைக்கும் இது பொருந்தும். கட்டி முடித்த பின்பும் நோட்டு பெட்டிக்குள் இருக்குமானால், திருந்தி வாழ்வதற்கான காரணமே இல்லாமல் போய்விடும்.

அரசால் செய்யக்கூடியவை சில உள்ளன. தண்டனை முடிந்து குறிப்பிட்ட காலம் குற்றமின்றி வாழ்ந்தவரின் சிறு வழக்குகளைப் பணி நியமனத்தில் கணக்கில் எடுக்கக் கூடாது என்று விதியாகவே எழுதலாம். பிணையைச் செல்லாததாக்கும் நோக்கில் தடுப்புக்காவல் ஆணை பிறப்பிக்கும் அதிகாரி அதற்குப் பதில் சொல்லும் நிலையை உருவாக்கலாம். சிறையில் வந்த நோய்க்கு விடுதலைக்குப் பின்னும் சிகிச்சையளிக்கும் கடமையை அரசு ஏற்கலாம்.

1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்ட இடமளித்த பிரிவுகள் 2019-இல் நீக்கப்பட்டன. கூட்டு மருந்துச் சிகிச்சையால் நோய் முற்றிலும் குணமாகத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகு நடந்த திருத்தங்கள் இவை. நோய் குணமான வேகத்தில் சட்டம் குணமாகவில்லை.

பாப்பாரப்பட்டியில் சிவாவுக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. அவர் கனவு கண்ட பாரத மாதாவுக்கும் அங்கே நினைவாலயம் எழுப்பப்பட்டுவிட்டது. ஆண்டுதோறும் ஜூலை 23-இல் மாலைகள் அணிவிக்கப்படுகின்றன. அந்த நாளில் நான் பெரும்பாலும் மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ ரயிலில் போய்க்கொண்டிருப்பேன். பயணச்சீட்டு வாங்கும்போது என்னுடைய பழைய கணக்கு எதையும் யாரும் கேட்பதில்லை. சிறையிலிருந்து மீண்டு வரும் ஒவ்வொருவருக்கும் அந்த எளிய உரிமையாவது கிடைக்கிறதா என்று நாம் கேட்டாக வேண்டும்.